நாலரை மணி டிராம்

வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு அமெரிக்காவில் கன்சல்டன்ட் என்று பெயர். பசுபதி ஐந்து மாதமாகக் கன்சல்டன்டாக இருந்தான். அவனை விசா போட்டு அழைத்து வந்த கம்பெனி, 2001 பிறந்ததிலிருந்து "அடுத்த வாரம் ப்ராஜெக்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. டாலஸ் பக்கத்து இர்விங்கில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட் ஒன்றில் இன்னும் ஐந்து கன்சல்டன்ட்டுகளோடு சாம்பார் வைத்துச் சலித்துப் போனவன், கடைசியில் ஜலஜாவிடம் வந்து ஒட்டிக்கொண்டான். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு.

ஜலஜா பதினைந்து வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் க்ளெய்ம்களைப் பிடித்தவள். இப்போது இந்திய மளிகைக் கடைக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவே ஓர் அறை பிடித்துத் தனித் துப்பறிவாளராக போர்டு மாட்டியிருந்தாள். கொலை, கொள்ளை எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வந்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். டெக்ஸஸ் தமிழர்கள் கார் வாங்க மூன்று பத்திரிகை படிப்பார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் யாரோ ஓர் அங்கிள் சொன்னால் போதும். அந்த அங்கிள் சொதப்பும்போது ஜலஜாவின் கதவு தட்டப்படும்.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை மாலை கதவைத் தட்டியவள் கண்மணி. பக்கத்திலேயே லாஸ் கொலினாஸில் ஒரு பாங்க்கில் வேலை. உட்காரக்கூட இல்லை.

"ஞாயித்துக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம் மேடம். நடக்குமான்னு எனக்கே தெரியல."

"மாப்பிள்ளை யாரு?"

"மதன். டெலிகாம் இன்ஜினீயர். ஒன்றரை வருஷம் ஃபிரான்ஸ்ல கிரனோபிள்னு ஒரு ஊர்ல ப்ராஜெக்ட்ல இருந்தார். போன மாசம்தான் டாலஸ் வந்தார். எட்டு மாசமா நாங்க போன்ல பேசறோம்."

"தகராறு?"

"மகாதேவன் அங்கிள்."

மகாதேவனைத் தெரியாத தமிழன் இர்விங்கில் கிடையாது. தமிழ்ச் சங்கத்தின் முன்னாள் தலைவர். பொங்கல் விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தால் தீபாவளிக்குத்தான் திருப்பிக் கொடுப்பார். கண்மணியின் அப்பா இறந்த பிறகு அந்தக் குடும்பத்துக்கு எல்லாமே அவர்தான். ஐரோப்பா பேக்கேஜ் டூர் போனவர், பஸ் லியோன் நகரத்தில் நின்ற ஒரு நாளில் கூட்டத்திலிருந்து கழன்று, ரயில் பிடித்து கிரனோபிள் போய், சொல்லாமல் கொள்ளாமல் மதனின் வீட்டுக் கதவைத் தட்டினாராம்.

"மதன் வீட்ல இல்லையாம். ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு கதவைத் திறந்தாளாம், இடுப்புல கைக்குழந்தையோட. அங்கிள் வந்து அம்மாகிட்ட சொல்லிட்டார். அம்மா அழுதுட்டே இருக்காங்க."

"மதன் என்ன சொல்றார்?"

"அது ஆபீஸ்ல கூட வேலை பாக்கற சில்வின்னு ஒருத்தியாம். செடிக்குத் தண்ணி ஊத்தச் சாவி குடுத்திருந்தாராம். குழந்தை அவளோடதாம்." கண்மணி இப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நான் அவரை நம்பறேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்க. யாருன்னு தெரியாம நான் எப்படிப் போய் மேடையில உக்கார்றது?"

"கண்டுபிடிச்சிடலாம்" என்றாள் ஜலஜா.

"விசாரணைக்கு நாங்களே கிரனோபிள் போகணும்னா எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றான் பசுபதி. ஜலஜா அவனைப் பார்த்த பார்வையில், மளிகைக் கடைக்குப் போவதே சந்தேகம் என்று தெரிந்தது.

*

மகாதேவன் வீட்டில் நுழைய வாரன்ட் எதுவும் வேண்டாம். "ஐரோப்பா போகலாம்னு இருக்கோம் அங்கிள், கொஞ்சம் ஐடியா வேணும்" என்று போனில் சொன்னதுமே அவர் மனைவியிடம் பக்கோடா போடச் சொல்லிவிட்டார். அன்று இரவே போய்ச் சேர்ந்தபோது ஆல்பம் டீப்பாயில் தயாராக இருந்தது.

"லண்டன், பாரிஸ் எல்லாம் எவன் வேணா போவான்" என்று ஆரம்பித்தார். "கிரனோபிள் மாதிரி நடுத்தர ஊர்ல தனியா சுத்திப் பாருங்க, அதான் டெஸ்ட்டு. இங்கிலீஷ் ஒருத்தனுக்கும் வராது. சுத்தி மலை. ஆனா எனக்கென்ன? ஸ்டேஷனை விட்டு வெளில வந்தா டிராம். ஸ்டாப்லயே மெஷின் இருக்கு, காசு போட்டா டிக்கெட். அத்தோட ஏறிடக் கூடாது! அங்கதான் நம்மாளுங்க மாட்டிப்பாங்க. பிளாட்பாரத்துல இன்னொரு சின்ன மெஷின் நிக்கும். அதுல டிக்கெட்டை விட்டா டைம் அடிச்சுக் குடுக்கும். அடிக்காம ஏறினா ஃபைன்."

"நீங்க அடிச்சீங்களா அங்கிள்?"

"அடிக்காமயா? ஆத்தைத் தாண்டி நாலு கிலோமீட்டர் ஜம்முனு போனேன்."

ஆல்பத்தில் அந்த டிக்கெட்டையே ஒட்டி வைத்திருந்தார். பசுபதி குனிந்து பார்த்தான். டிக்கெட் பளிச்சென்று இருந்தது. டைமும் இல்லை, தேதியும் இல்லை, ஒரு புள்ளி மை கூட இல்லை.

"டைம் அடிக்கலையே அங்கிள்?"

மகாதேவன் ஒரு பக்கோடாவை எடுத்து நிதானமாக மென்றார். "அன்னிக்கு மெஷின் ரிப்பேர்."

"என்னிக்கு?"

"ஏப்ரல் கடைசியோ, மே மொதல்லயோ. டூர்ல தேதி யாரு பாத்தா?"

ஜலஜா பேச்சை மாற்றினாள். "ரயில்ல போய் இறங்கின உடனே டிராம் கிடைச்சுதா அங்கிள்? காத்திருக்கணுமா?"

"டிராம் வந்துட்டே இருந்தது. நான்தான் ஏறலை. ரெண்டே முக்காலுக்கு இறங்கினேன். ஒரு பொண்ணோட கல்யாண விஷயமா போறோம். மூணுலேர்ந்து நாலரை வரைக்கும் ராகு காலம். ஃபிரான்ஸ்னா ராகுவுக்கு லீவா? ஸ்டேஷன் பெஞ்சுலயே உக்காந்துட்டேன். நாலரை தாண்டித்தான் டிராம்ல கால் வெச்சேன்."

"அவ்வளவு நேரம் போரடிக்கலையா?"

"வேடிக்கை பாத்தேன். ஸ்டேஷன் வாசல்ல ஒரே பூ வியாபாரம். குட்டிக் குட்டியா வெள்ளைப் பூ, மணி மாதிரி தொங்கும். பெரியவங்க, சின்னப் பசங்க, அத்தனை பேரும் பக்கெட்டுல வெச்சு வித்துட்டு இருந்தாங்க. மயிலாப்பூர் மாட வீதி கெட்டது போங்க. நான் கூட பத்து ஃபிராங்க் குடுத்து ஒரு கொத்து வாங்கினேன். வருஷம் பூரா அங்க இப்படித்தான் போல."

"தெய்வீகம்" என்றான் பசுபதி, வாய் நிறையப் பக்கோடாவோடு.

கார் மெக்கார்தர் சாலைக்கு வந்ததும் ஜலஜா கேட்டாள். "மூணுலேர்ந்து நாலரை வரைக்கும் ராகு காலம்னா என்ன கிழமை?"

"செவ்வாய். எங்கம்மா என் விசா இன்டர்வியூ தேதியையே அதுக்காக மாத்தச் சொன்னாங்க."

"தேதி ஞாபகம் இல்லைன்னாரு. கிழமையைக் குடுத்துட்டாரு. ஊரே ரோட்டுக்கு வந்து ஒரே பூவை விக்குதுன்னா அது தினம் நடக்கற வியாபாரமா தெரியல. அது என்ன நாள்னு அந்த ஊரைத்தான் கேக்கணும்."

*

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கிரனோபிளில் பிற்பகல் மூன்று மணிக்கு, வெளிநாட்டுப் போனுக்கான ஐந்து டாலர் காலிங் கார்டில் ரகசிய நம்பரைச் சுரண்டி எடுத்து, பசுபதி நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு ஃபிரெஞ்சு எடுத்தவன். இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு. சென்னையில் மார்க்குக்காக ஃபிரெஞ்சு எடுத்த லட்சம் பேரைப் போல அவனுக்கும் அந்த மொழியில் பேசுவதைத் தவிர மற்ற எல்லாம் தெரியும்.

கிரனோபிள் சுற்றுலா அலுவலகத்தில் ஒரு பெண் போனை எடுத்தாள். பசுபதி மூச்சை இழுத்து, ஒரு முழு வாக்கியத்தை இலக்கணம் பிசகாமல் இறக்கினான். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அழகான ஆங்கிலத்தில், "நீங்கள் ஆங்கிலத்திலேயே பேசலாம்" என்றாள்.

"நூத்தித் தொண்ணூத்தி நாலு" என்றாள் ஜலஜா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

பசுபதி பூவைப் பற்றிக் கேட்டான். அந்தப் பெண்ணுக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. மே ஒன்றாம் தேதி என்றாள். அன்றைக்கு ஃபிரான்ஸ் முழுக்க ஒருவருக்கொருவர் அந்தப் பூவைக் கொடுத்துக்கொள்வார்களாம். அந்த ஒரு நாள் யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று விற்கலாமாம்.

ஜலஜா சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் கிழித்த பிறகும் தூக்கிப் போடாமல் செருகி வைத்திருந்த பழைய தாள்களைப் புரட்டினாள். மே ஒன்று, செவ்வாய்க்கிழமை. ராகு காலம் 3.00 முதல் 4.30.

"டிராம் பத்திக் கேளு. அன்னிக்கு நாலரை மணிக்கு ஸ்டேஷன்லேர்ந்து டிராம் எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு?"

பசுபதி கேட்டான். இந்த முறை அவள் சிரிப்பை அடக்கவில்லை. மே ஒன்றாம் தேதியா? தொழிலாளர் தினம். டிராம் ஓட்டுகிறவரும் தொழிலாளிதானே? கிரனோபிளில் அன்றைக்கு டிராமும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது, நாள் முழுக்க ஒன்று கூட ஓடாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வருடா வருடம் ஸ்டாப்பில் நின்று ஏமாந்து போவதுண்டு, பாவம் என்றாள்.

பசுபதி போனை வைத்துவிட்டு எழுந்து ஆடினான். "முடிஞ்சுது மேடம்! டிராம் ஓடலை, அங்கிள் போகலை, வெள்ளைக்காரியும் இல்லை, குழந்தையும் இல்லை! மதன் சொக்கத் தங்கம். ஞாயித்துக்கிழமை நமக்கு நிச்சயதார்த்தச் சாப்பாடு!"

ஜலஜா ஆடவில்லை. பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கேஸ் ஜெயித்தால் அவள் முகம் இப்படி இருக்காது. பசுபதிக்கு அது புரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. அவன் மனம் வடை, பாயசத்தில் இருந்தது.

*

மத்தியானம் கண்மணியின் வீட்டு ஹாலில் எல்லோரும் கூடினார்கள். கண்மணி ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தாள். அவள் அம்மா நாகமணி, நிச்சயத்துக்கு வாங்கிய தட்டுகளுக்கு நடுவே, விரிக்கவா மடிக்கவா என்று தெரியாமல் ஒரு பட்டுப்புடவையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மகாதேவன் பெரிய சோபாவில் நடுவாக உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள்" என்றாள் ஜலஜா. "நீங்க கிரனோபிள் போனது மே ஒண்ணாம் தேதி. ராகு காலமும் பூவும் உங்க வாயாலயே வந்தது."

"இருக்கட்டுமே."

"அன்னிக்கு அந்த ஊர்ல டிராம் ஓடாது. பஸ்ஸும் ஓடாது. நாலரைக்கு நீங்க எதுல கால் வெச்சீங்க?"

சங்கத்து மேடையில் பதினொரு வருடம் பேசிய மகாதேவன் ஒரே வார்த்தையில் முடித்தார்.

"டாக்ஸி" என்றார்.

"அப்ப டிக்கெட் எதுக்கு வாங்கினீங்க?" என்றான் பசுபதி. "டாக்ஸியில அடிக்கறதுக்கா?"

நாகமணி புடவையைக் கீழே வைத்தார். "ஏனுங்க, நிசமாச் சொல்லுங்க. என்ற புள்ளையோட வாழ்க்கைங்க இது. போனீங்களா, இல்லையா?"

மகாதேவன் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தார். பேச ஆரம்பித்தபோது குரல் பாதியாகியிருந்தது.

"டிக்கெட் வாங்கினேன். ராகு காலம் முடியட்டும்னு உக்காந்தேன். நாலரைக்கு ஸ்டாப்புல போய் நின்னேன். அஞ்சு ஆச்சு, அஞ்சரை ஆச்சு. ஒண்ணும் வரலை. ஒரு கடை திறக்கலை. டாக்ஸி இல்லை. வழி கேட்டா தோளைத் தோளைக் குலுக்கறான். கையில அட்ரஸ் மட்டும் இருக்கு. பசி வேற. ஆறே காலுக்கு லியோன் ரயில் வந்தது, ஏறிட்டேன்."

"அதை அப்படியே சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிம்மா சொல்றது? முப்பத்தஞ்சு வருஷமா வெளிநாட்ல இருக்கேன். சின்ன ஊர்ல ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கத் தெரியலைன்னா சொல்றது?"

கண்மணி எழுந்தாள். "சரி, போனேன், எல்லாம் நல்லாருக்குன்னு பொய் சொல்லியிருக்கலாமே. எதுக்கு அங்கிள் ஒரு பொண்ணை, ஒரு குழந்தையைக் கொண்டு வந்தீங்க?"

மகாதேவன் அவளைப் பார்த்த பார்வையில், இது கூடவா புரியவில்லை என்ற ஆச்சரியம் நிஜமாகவே இருந்தது.

"நல்லாருக்குன்னு சொன்னா கல்யாணம் நடக்கும். பின்னாடி ஏதாவது ஆச்சுன்னா என் தலையில விடியும். கெட்டதுன்னு சொல்லிட்டா கல்யாணமே நடக்காது. நடக்காத கல்யாணத்தைப் பத்தி யாரு வந்து செக் பண்ணப் போறா? வெறும் பொம்பளைன்னா அம்மா சமாதானம் ஆயிடுவாங்களோன்னு குழந்தையைச் சேர்த்தேன்."

பசுபதிக்கு ஜோக் எதுவும் வரவில்லை. எத்தனை வீட்டில் எத்தனை கல்யாணம் இப்படி ஒரு சோபாவில் முடிவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தான்.

கண்மணி அழுதுகொண்டே சிரித்தாள். "மதன்கிட்ட நான் எப்படிப் பேசினேன் தெரியுமா? மூணு நாளா அவர் போனை நான் எடுக்கவே இல்லை. ஸாரி கேக்கணும்." கார்ட்லெஸ் போனை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் ஜலஜா. "ஸ்பீக்கர்ல போடு. ஸாரி வேண்டாம். அங்கிள் உங்க வீட்டுக்குப் போகவே இல்லைன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாதே."

"ஏன் மேடம்?"

ஜலஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது பசுபதிக்கே தெரிந்தது.

"அந்தப் பொண்ணு அங்கிளோட கற்பனை. குழந்தையும் கற்பனை. இல்லாத பொம்பளைக்கு மதன் எதுக்கு சில்வின்னு பேர் சொன்னார்? இல்லாத குழந்தைக்கு எதுக்கு விளக்கம் குடுத்தார்? என் வீட்ல அப்படி யாருமே கிடையாது, அவர் வேற வீட்டுக்குப் போயிருப்பார்னுதானே மொதல்ல கத்தியிருக்கணும்?"

பசுபதியின் கண்ணிலிருந்து வடையும் பாயசமும் மறைந்து போயின.

"நிஜமாவே செடிக்குத் தண்ணி ஊத்தறவளா கூட இருக்கலாம்" என்றாள் ஜலஜா மெதுவாக. "அப்படி இருந்தா இப்ப மதன் சந்தோஷத்துல குதிப்பார். அங்கிளைக் கிழிகிழின்னு கிழிப்பார். கேட்டுப் பாத்துடலாம்."

கண்மணி நம்பரைப் போட்டு ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினாள். மூன்றாவது ரிங்கில் மதனின் குரல் ஹாலை நிரப்பியது. நல்ல குரல்.

"கண்மணி! தேங்க் காட். கோபம் போச்சா?"

"மதன், மகாதேவன் அங்கிள் உங்க வீட்டுக்குப் போகவே இல்லையாம். எல்லாம் பொய்னு ஒத்துக்கிட்டார்."

எதிர்முனையிலிருந்து கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பிறகு நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. பாரத்தை இறக்கி வைத்தவனின் மூச்சு.

"அப்ப... குழந்தையை அவர் பாக்கவே இல்லையா?"

நாகமணி வாயைப் பொத்திக்கொண்டார். கண்மணி போனைக் கிட்டே இழுத்தாள்.

"என்ன பேரு?" என்றாள்.

"யாருக்கு?"

"உங்க குழந்தைக்கு."

"எமில். நாலு மாசம். கண்மணி, நான் உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன், நிச்சயம் முடிஞ்சதும்..."

கண்மணி போனை அணைத்து மேஜைமேல் வைத்தாள். எட்டு மாதப் பேச்சும் அதோடு முடிந்தது. அவள் அழுவாள் என்று பசுபதி எதிர்பார்த்தான். அவள் அழாமல் நின்றதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை.

முதலில் அசைந்தவர் மகாதேவன். சோபாவின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். குரல் பழைய கனத்துக்குத் திரும்பியிருந்தது.

"நான் அப்பவே சொன்னேனா, இல்லையா?"

பசுபதி திரும்பி நாகமணியைப் பார்த்தான். இப்போதாவது இந்த மனிதருக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்கும் என்று நினைத்தான். நாகமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மகாதேவன் முன்னால் போய் இரண்டு கையையும் கூப்பினார்.

"சாமி மாதிரி வந்து காப்பாத்திப் போட்டீங்க. நீங்க மட்டும் போய்ப் பாக்கலீன்னா என்ற புள்ள கதி என்ன ஆயிருக்கும்?"

"அம்மா" என்றாள் கண்மணி. "அவர் போகலைம்மா. இப்பதானே கேட்டே?"

"போகாட்டி என்ன கண்ணு? சொன்னது சரியாத்தானே போச்சு. அடுத்த வரனுக்கும் அவரையே விசாரிக்கச் சொல்லலாம்."

"ஜூலையில நான் சிங்கப்பூர் போறேன்" என்றார் மகாதேவன், அடக்கமாக. "அங்க யாராவது பையன் இருந்தா சொல்லுங்க."

கண்மணி கீழே கிடந்த பட்டுப்புடவையை எடுத்தாள். மடிப்புக் கலையாமல் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, மகாதேவனைப் பார்த்து நின்றாள். வெளியே நூறு டிகிரி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"போய்ட்டு வாங்க அங்கிள்" என்றாள். "எனக்கு பாஸ்போர்ட் இருக்கு, லீவு இருக்கு, வழி கேக்க வாய் இருக்கு. அடுத்த தடவை நானே போய்க் கதவைத் தட்டிப் பாத்துக்கறேன்."